பட்டம் விட்டால் பட்டம் கிடைக்காதோ?

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை வந்த வருசம் எங்கட பட்டங்கள் பரணில் ஏறின. "சோதினை முடியட்டும்" எண்டார்கள். பிறகு ஓ.எல், பிறகு ஏ.எல். சோதினை முடியவேயில்லை.

இந்தத் தையில்தான் எங்களில் சிலர் அப்பாமாரோட திரும்பவும் மூங்கில் சீவ இருந்தம். சின்னனில் நூல் பிடிச்சுக் குடுத்ததோட எங்கட வேலை முடிஞ்சுது. இப்பதான் விளங்குது: தடியின் இரண்டு பக்கமும் ஒரே பாரமோ எண்டு விரலில் வைச்சுப் பார்க்கிறதும், காற்றுக்கு ஏற்ற மாதிரி முச்சை கட்டுறதும், விண் கூவ நாரை இழுத்துக் கட்டுறதும் முழுக்கப் பௌதிகவியல். "முச்சை பிழைச்சால் குத்தும், மோனை" எண்டார் ஒரு அப்பா. ரியூசனில் விசைச் சமநிலையை மனப்பாடம் செய்த எங்களுக்கு அதை ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித் தரேல்லை.

பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. போனில் படமெடுத்து, "எங்கட பாரம்பரியம்" எண்டு பகிருறம். அடுத்த நாள் விடியவே பிள்ளையை ரியூசனுக்கு ஏத்துறம். கட்டத் தெரிஞ்ச கை இல்லாமல் என்ன பாரம்பரியம்?

பெற்றோரே, கிழமையில் ஒரு பின்னேரத்தையாவது பிள்ளையளுக்கு விடுங்கோ. நண்பர்களே, "நேரமில்லை" எண்ட கதையை நாங்களும் விடுவம். அப்பாமாருக்கு இப்ப முடிச்சுப் போடக் கண்ணாடி வேணும். எங்களுக்கு இன்னும் முச்சை சரியாக் கட்டத் தெரியாது.