படித்த ஆண்டைக் கணக்கில் சேர்!

நம் வீடுகளில் பிள்ளையின் ஓர் ஆண்டுப் படிப்பு என்றால் ஓர் ஆண்டுக் கூலி இழப்பு. கட்டணம் தனி. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போவதும் அதற்காகத்தான். ஆகவே, முன்பு படித்ததை அடுத்த படிப்பில் கழித்துக் கொடுக்கிறார்களா இல்லையா என்பது நமக்குச் சோற்றுப் பிரச்சினை.

கழித்துக் கொடுக்கும் முறை நம் நாட்டில் இல்லாமல் இல்லை. பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ தேறியவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்குப் போடுங்கள். கழிக்காவிட்டால் 2, 3, 4 என்று 9 ஆண்டுகள். கழிப்பதால் 7. பிளஸ் டூ வழியில் 6 ஆண்டுகள்தான். ஆனால் நடுவில் படிப்பு நின்றால் கையில் தொழில் இல்லை. ஐ.டி.ஐ. வழியிலோ இரண்டே ஆண்டில் தொழில் கைக்கு வந்துவிடும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இந்த வழி தெரியாத பெற்றோர் இன்னும் எத்தனை பேர்!

பி.ஏ., பி.காம். என்று வந்தால் இந்த நியாயம் காணாமல் போகிறது. 2023இல் தேசியக் கிரெடிட் திட்டம் வந்தது. பள்ளியிலிருந்தே ஆண்டுக்கு 1200 மணி நேரப் படிப்புக்கு 40 கிரெடிட் என்றார்கள். அதைச் சேர்த்துவைக்க, 2021இல் தொடங்கிய கிரெடிட் வங்கியும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்றாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 120 கிரெடிட்டும் கல்லூரி வாசலில் பூஜ்யத்திலிருந்தே எண்ணப்படுகிறது. பிளஸ் டூ தொழிற்பிரிவில் கணக்கு எழுதப் படித்த பெண், பி.காம். முதலாண்டில் அதே பற்று வரவை மறுபடி படிக்கிறாள், மறுபடி பணம் கட்டுகிறாள். பாஸ்புக்கில் வரவு உண்டு, எடுக்க மட்டும் விடமாட்டோம் என்றால் அது என்ன வங்கி?

தரம் கெடும் என்பார்கள். அமெரிக்காவில் 1950களிலிருந்தே பள்ளி மாணவர் கல்லூரித் தரத்துப் பாடம் படித்து, பொதுத்தேர்வில் 5க்கு 3 அல்லது அதற்கு மேல் பெற்றால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைக் கழிக்கின்றன. அங்கே தரம் கெட்டுவிட்டதா? நாமும் சும்மா கேட்கவில்லை. தேர்வு வையுங்கள், தேறினால் கழியுங்கள் என்கிறோம். ஆனால் அங்கேபோல் அந்தந்தக் கல்லூரியின் இஷ்டத்துக்கு விடாமல், சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

ரயில்வேயில் ஊர் மாற்றலானாலும் முந்தைய சர்வீஸ் பென்ஷனுக்குச் சேர்கிறது. ஊர் மாறிப் பிழைக்க வந்தவன் பிள்ளைக்கு முந்தைய படிப்பு ஏன் சேரக் கூடாது? எந்த மாநிலத்தில் படித்திருந்தாலும் சேர வேண்டும்.

தோழர்களே, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீர்க் குழாயோடு இதையும் கேளுங்கள். பிள்ளைகளின் ஐ.டி.ஐ. சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் பத்திரமாக வையுங்கள். அது வெறும் காகிதம் அல்ல, உங்கள் ஓர் ஆண்டுக் கூலி.