முரசும் இரத்தக் கொழுப்பும்

புங்குடுதீவு மடத்துவெளியில் விடியற்காலையிற் கிணற்றடிக்குச் செல்கிறோம். பல் துலக்கித் துப்பும் நீர் சிவந்திருக்கக் கண்டால், "வயது போகிறது" என்று ஆறுதல் கொள்கிறோம். வெற்றிலை போடுவோர்க்கோ அது இரத்தமா சாறா என்பதே தெரிவதில்லை. பல் போனால் சொல் போகும் என்பது பழமொழி. பல்லைத் தாங்கும் முரசு கெட்டால் இரத்தத்தின் தன்மையும் மாறக்கூடும் என்பதை நாம் அறிதல் வேண்டும்.

பல்லின் அடியிற் படியும் அழுக்கிற் கிருமிகள் பெருகுகின்றன. நாளடைவில் அவ்வழுக்குக் காரையாக இறுகுகிறது. முரசு வீங்கிப் பல்லை விட்டு விலகுகிறது. அப்புண் வழியே கிருமிகளின் நஞ்சு குருதியிற் கலக்க, உடல் அதனை எதிர்த்துச் சில பொருள்களைச் சுரக்கிறது. அவை ஈரலைத் தூண்டிக் கொழுப்பை மிகுதியாக வெளியிடச் செய்கின்றன. குருதியிலுள்ள கொழுப்பு அகல்வதையும் தாமதப்படுத்துகின்றன. கடுமையான முரசு நோயுடையோரிடம் தீய கொலஸ்ட்ரோலும் ட்ரைகிளிசரைட்டும் சராசரியாகச் சற்றுக் கூடியும், நல்ல கொலஸ்ட்ரோல் குறைந்தும் காணப்படுகின்றன. எனினும் நீரிழிவும் புகைத்தலும் இரண்டையும் ஒருங்கே கெடுப்பன ஆதலின், எது காரணம், எது விளைவு என்பது இன்னும் முற்றாகத் தெளியவில்லை.

"எங்கள் பாட்டனார் பல் துலக்கியதே இல்லை, எண்பதிலும் முறுக்குக் கடித்தார்" என்பாரும் உளர். அவர்க்கு நம் நாட்டிலே நடந்த ஆராய்ச்சியொன்று விடை கூறும். நோர்வே நாட்டுப் பல் வைத்திய அறிஞர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970 ஆம் ஆண்டு மலையகத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். நாம் செய்வது போற் பல் துலக்கும் வழக்கம் அத்தொழிலாளர்க்கு இருக்கவில்லை. 1985 வரை தொடர்ந்து நோக்கியபோது, ஏறத்தாழ எல்லோர்க்கும் முரசு வீக்கம் இருந்தது. ஆயினும் 100 பேருள் 11 பேருக்கு நோய் அதற்கு மேல் முற்றவில்லை; 81 பேருக்கு மெல்ல முற்றியது; 8 பேருக்கு விரைந்து முற்றியது. பாட்டனார் அந்தப் 11 பேருள் ஒருவராயிருக்கலாம். பேரன் அந்த 8 பேருள் ஒருவனாயிருத்தல் கூடும் அன்றோ?

ஆகவே நாம் செய்யத்தக்கன சில. காலையும் இரவும் மென்மையான தூரிகையாற் பல் துலக்குவோம். இரத்தம் வருகிறதென்று அஞ்சித் துலக்குதலை நிறுத்தலாகாது. இறுகிய காரையைப் பல் வைத்தியரே அகற்றல் வேண்டும். அவரிடம் நீரிழிவு, கொழுப்பு உண்டெனின் மறையாது கூறுக. சுருட்டுப் புகைப்போர்க்கு இரத்தம் வராமை நலத்தின் அறிகுறியன்று. புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்கி நோயை மறைத்துவிடும். முரசு குணமாயிற்றென்று வைத்தியர் தந்த கொழுப்பு மாத்திரையை நிறுத்துவதும் பெருந்தவறாகும்.

நாளைக் காலை, துப்பிய நீரை ஒருமுறை உற்று நோக்குவோமாக.