ஆர்மா சிறையின் சுவரும் சுவரெழுத்துதான்

பெல்ஃபாஸ்ட் நகரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவர்களில்தான் தொடங்குகிறார்கள். கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டன்டுகள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் நடுவே 1969இல் தடுப்பு எழுந்தது. அதற்கு ‘அமைதிச் சுவர்’ என்று பெயர் வேறு! இரு பக்கமும் வீடுகளின் பக்கச் சுவர்களை நிறைத்து ஓவியங்கள். இங்கே, 1981இல் 66 நாள் உண்ணாவிரதமிருந்து சிறையில் இறந்த பாபி சாண்ட்ஸ் சிரிக்கிறார். அங்கே, 1690இல் பாய்ன் போரில் வென்ற மன்னர் வில்லியம் வெள்ளைக் குதிரையில் வருகிறார். முகமூடிக்காரர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் டாக்ஸியில் வந்து படமெடுத்துப் போகிறார்கள்.

எதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: வீரம் ஆணுடையது. பெண்ணே இல்லை என்று சொல்லவில்லை. அழுகிற தாயாக, அயர்லாந்து என்னும் அன்னையாக, அபூர்வமாகத் துப்பாக்கி ஏந்தியவளாக அவளுக்கும் இடமுண்டு. மாதவிடாய் உள்ள உடலோடு வந்தால்தான் சிக்கல்.

1980இல் ஆர்மா பெண்கள் சிறையில், அரசியல் கைதிகளாக நடத்தக் கோரி முப்பதுக்கும் மேற்பட்ட ஐரிஷ் குடியரசுவாதப் பெண்கள் குளிக்க மறுத்தார்கள். அறைச் சுவர்களில் மலத்தோடு மாதவிடாய் ரத்தமும் பூசப்பட்டது. மேஸ் சிறையில் ஆண்கள் மலம் பூசியதைத் தியாகம் என்றவர்களுக்கே இந்த ரத்தம் கூச்சமாக இருந்தது. ‘ஐரிஷ் டைம்ஸ்’ இதழில் நெல் மக்காஃபெர்டி இது பெண்ணியப் பிரச்சினைதான் என்று எழுதினார். பெண்ணியவாதிகள் பலர் ஏற்கவில்லை. ஆயுதம் தாங்கிய ஆண்களின் இயக்கத்தில் என்ன பெண் விடுதலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்த இயக்கத்தின் குண்டுகளுக்குப் பெண்களும் குழந்தைகளும் பலியானார்கள். அதற்காக, சிறைக்காவலின் கீழ் ஒரு பெண்ணுடல் படுகிற பாடு நம் கணக்கில் வராது என்று சொல்லிவிட முடியுமா? அந்தப் பெண்களின் அரசியலை ஏற்காமலேயே அவர்கள் எழுதிய சுவரை நான் வாசிப்பேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் வட அயர்லாந்துக்கு நீட்டிக்கப்படவில்லை. அங்கே கருக்கலைப்பு குற்றமல்ல என்றாக 2019 அக்டோபர் வரை ஆனது. அதையும் லண்டன் நாடாளுமன்றம்தான் செய்தது. அதுவரை ஃபால்ஸ் சாலைப் பெண்ணும் ஷாங்கில் சாலைப் பெண்ணும் வீட்டில் ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டுக் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனார்கள். புதிதாக வரைய இடம் தேடுகிறவர்கள் அந்தக் கப்பலை வரையட்டும். மேல்தளத்தில் நிற்கும் பெண்களில் யார் எந்தச் சாலை என்று எழுத வேண்டாம்.