சாவிக்கொத்தும் சங்கப்பாட்டும்

இரும்பைப் பற்றிய நாட்டார் நம்பிக்கைகளைக் குறித்துப் பேச்செழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டே குரல்கள்தாம் கேட்கின்றன. 'முன்னோர் மூடரல்லர், இரும்பில் அறிவியல் ஒளிந்திருக்கிறது' என்பது ஒன்று. 'எல்லாம் மூடநம்பிக்கை, குப்பையில் எறிக' என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. நம்பிக்கையை ஒரு பனுவலாகப் படிக்கும் பொறுமை இரண்டிடமும் இல்லை. முதற்குரலுக்கு இன்று கைத்தட்டல் மிகுதி என்பதால் அதனோடு தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பாடம் நடத்தும் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு மாணவி வலிப்பு வந்து விழுந்தாள். கூடியவர்கள் நூறு பேர் இருக்கலாம். அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 'இரும்பு கொண்டு வா' என்ற கூச்சல் மட்டும் நான்கு திசையிலிருந்தும் எழுந்தது. வண்டிச்சாவி ஒன்றை அவளது இறுகிய விரல்களைப் பிரித்துத் திணித்தார்கள். சற்று நேரத்தில் வலிப்பு நின்றது. 'பார்த்தீர்களா, இரும்பின் மகிமை' என்றவர் அறிவியல் படித்தவர். இரத்தத்தில் இரும்புச் சத்து இருப்பதாகவும், உடலின் மின்னோட்டத்தை இரும்பு ஈர்த்துக்கொள்வதாகவும் அவர் அங்கேயே ஒரு சிற்றுரை நிகழ்த்தினார்.

வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். கையில் எதைக் கொடுத்தாலும் நிற்கும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் நிற்கும். மூளையின் நரம்பணுக்களில் எழும் அந்த மின்கொந்தளிப்பை உள்ளங்கையில் இருக்கும் உலோகம் எட்டுவதில்லை. இரத்தத்தின் இரும்பு உணவின்வழி வருவது, சாவியின்வழி வருவதன்று. மேலும் நம் சாவிக்கொத்துகளில் பாதி பித்தளை. எவரேனும் அதைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்ததுண்டா? செய்ய வேண்டியது எளியது: ஒருக்களித்துப் படுக்க வைத்தல், தலைக்கடியில் மெத்தென்ற துணி, கழுத்துப் பட்டியைத் தளர்த்துதல், வாயில் எதையும் திணிக்காதிருத்தல், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதிருத்தல். 5 நிமிடம் கடந்தும் நிற்கவில்லையெனில் 108-ஐ அழைத்தல். இவற்றைச் செய்ய வேண்டிய நேரத்தை இரும்பு தேடுவதில் தொலைக்கிறோம். ஆகவே இது வெறும் கருத்து வேறுபாடன்று. தரையில் கிடக்கும் ஒருத்தியின் உயிர் இதில் இருக்கிறது.

'ஆயினும் தொன்றுதொட்டு வரும் அறிவல்லவா?' என்று கேட்பார்கள். தொன்மையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் தொன்னூல்களைப் படித்துவிட்டு அழைக்க வேண்டும். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் புண்பட்ட வீரனின் இல்லத்தைக் காட்டுகிறார். அவனைத் தீய ஆவிகள் அணுகாதிருக்க இரவமும் வேம்பும் மனையில் செருகப்படுகின்றன. ஐயவி சிதறப்படுகிறது. மணி ஒலிக்கிறது, யாழும் குழலும் இசைக்கின்றன, காஞ்சி பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. இத்தனை காப்புகளில் இரும்பு பெயர் சொல்லப்படவில்லை. இரும்பையே தொழிலாகக் கொண்ட ஒரு போர்வீரனின் வீட்டிலேயே பேயோட்ட வேம்பும் வெண்கடுகும்தாம் நினைவுக்கு வந்தன. ஒரு பாட்டின் மௌனத்தை வைத்துக்கொண்டு அக்காலத்தில் இரும்புக் காப்பே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 'என்றும் இப்படியே இருந்தது' என்னும் வீறாப்பை அந்தப் பாட்டு அடக்குகிறது என்கிறோம், அவ்வளவே.

சங்கப் பாட்டில் இரும்புச் சடங்கே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வகை. இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற தசைப்பிண்டத்தையும்கூட வாளால் பிளந்தே அடக்கம் செய்தனர் என்பதைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் 74ஆம் பாட்டு சொல்கிறது. போரில் புண்படாது மாண்ட மன்னரைப் புல்லில் கிடத்தி வாளால் போழ்ந்து அடக்கிய வழக்கத்தை ஔவையாரின் 93ஆம் பாட்டு சொல்கிறது. இங்கே இரும்பு பேயை விரட்டவில்லை. பிணத்துக்கு மானத்தை வழங்குகிறது. உடலில் இல்லாத விழுப்புண்ணை எழுதித் தரும் எழுத்தாணியாகிறது. இதில் எந்த மின்னோட்டத்தைத் தேடுவது?

தாழிகளையும் கேட்போம். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி, துயருற்றோர் மண்ணில் குத்தி வைத்தாற்போல இருந்ததாகப் பதிவு செய்தார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளைத் தாழிகளின் மாதிரிகளைக் கொண்டு தமிழ்நிலத்து இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு சென்றது. அக்கணிப்பைப் பற்றி அறிஞர் விவாதிக்கட்டும். அந்த எண்ணை மார்தட்டிச் சொல்லும் நண்பர்களே, அந்த இரும்பு கிடைத்த இடம் எது என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தீர்களா? ஈமத்தாழி! இறந்தோரின் ஆவி இரும்பைக் கண்டு அஞ்சும் என்று நம்பியிருந்தால், அன்பால் அடக்கம் செய்தவர்கள் அதே இரும்பை இறந்தோருக்கு அருகிலேயே ஏன் வைத்தார்கள்? தாழியில் துணையாக நின்றதும் தலையணைக்கடியில் பேயைத் தடுப்பதும் ஒரே உலோகம். மாறியது உலோகமன்று, மனிதர் அதற்கு ஏற்றிய பொருள்.

பிறர் நாட்டிலும் இதுவே நிலை. பண்டை உரோமில் யூபிட்டரின் தலைமைப் பூசாரியின் முடியை வெண்கலக் கத்தியால்தான் மழிக்க வேண்டும், இரும்பு தீட்டு. அதே உரோமில், கல்லறையிலிருந்து பிடுங்கிய ஆணியை வாசற்படியில் அறைந்தால் இரவின் மருட்சிகள் அண்டா என்று முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி எழுதினார். ஓரிடத்தில் தீட்டு, மற்றோரிடத்தில் காப்பு. அதிலும் கடையில் வாங்கிய ஆணி போதாது. கல்லறை ஆணி வேண்டும். நம் கடைவாசல்களில் மாட்டும் குதிரை லாடமும் தேய்ந்ததாக இருந்தால்தான் மதிப்பு.

நடு இந்தியாவின் அகரியர்கள் கல்லை உருக்கி இரும்பெடுத்த குடியினர். அவர்களைப் பற்றி 1942இல் நூலெழுதிய வெரியர் எல்வின், அவர்கள் காப்புக்குரியதாகக் கருதியது உலையிலிருந்து புதிதாக வந்த 'கன்னி இரும்பை' என்கிறார். வேதியியல்தான் வேலை செய்கிறது என்றால் சந்தை இரும்பும் கன்னி இரும்பும் ஒன்றாகவே அல்லவா வேலை செய்ய வேண்டும்? அறிவியலை ஏற்றிச் சொல்பவர்கள் முன்னோரைப் புகழ்வதாக எண்ணுகிறார்கள். உண்மையில் முன்னோர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை.

இனி இரண்டாம் குரலுக்கு வருவோம். 'எறிந்துவிடு' என்னும் நண்பர்களோடு வலிப்பு விஷயத்தில் நமக்குப் பிணக்கில்லை. சாவியை எறியுங்கள், நாமும் எறிகிறோம். ஆனால் தாழியில் குத்திய வேலையும், கருப்பசாமி கோயிலில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் நேர்ச்சை அரிவாளையும் அந்தச் சாவியோடு சேர்த்து எறிய முடியாது. அவை மருத்துவம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இறப்பையும் நீதியையும் பற்றி எழுத்தறியா மக்கள் இரும்பில் எழுதிய வாக்கியங்கள் அவை. அவற்றைப் படிக்கத் தெரியாமல் இலக்கியம் படித்தோம் என்று சொல்லிக்கொள்வது எப்படி?

இரு குரல்களும் சேர்ந்து மறந்த ஒருவர் இருக்கிறார். அவர் கொல்லர். வேல் வடித்துக் கொடுத்தலைக் கொல்லனின் கடமையாகப் பொன்முடியார் 312ஆம் பாட்டில் வைத்தார். தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடமைகளோடு ஒரே வரிசையில் வைத்தார். பின்வந்த சமூகமோ இரும்புக்குக் கற்பூரம் காட்டியது. இரும்படித்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. அகரியரின் உலைகள் அணைந்ததற்குப் பேய்கள் காரணமல்ல. உலைவரியும், காட்டுச் சட்டமும், மலிவான சந்தை இரும்பும் காரணம் என்பதை எல்வினின் நூல் காட்டுகிறது. இன்று கருப்பசாமிக்குச் செல்லும் அரிவாள் பெரும்பாலும் லாரியின் வில்பட்டையாய் இருந்து, ஏதோ ஒரு சிற்றூர்ப் பட்டறையில் உருமாறியது. அந்தப் பட்டறைக்காரரின் பெயரை எந்த ஆய்வரங்கிலாவது கேட்டிருக்கிறோமா? இக்குற்றச்சாட்டில் நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். இருபதாண்டுகளாகப் புறநானூறு நடத்தும் நாம் மாணவரை ஒருமுறைகூட ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றதில்லை.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடிய 95ஆம் பாட்டை நினைத்துக்கொள்வோம். தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் பொலிந்தன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனின் உலைக்குடிலில் கிடந்தன. எந்த இரும்பு மெய்யான இரும்பு என்பதில் ஔவைக்கு ஐயமே இருக்கவில்லை. நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொண்டைமானின் மண்டபத்திலேயே நின்றுகொண்டு மாலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம். உலைக்குடிலுக்குப் போவோம். போகும் வழியில் யாரேனும் வலிப்பில் விழுந்து கிடந்தால், சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்போம்.