கொடுத்தவர் மீது வழக்கா?

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2025 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கிய தவறு, பிப்ரவரி 3-ஆம் தேதி போபாலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பொது இடங்களில் பிச்சை எடுக்கத் தடை என்பதோடு நில்லாமல், பிச்சை போடுகிறவர் மீதும் வழக்கு என்று இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் உத்தரவிட்டன. துணிச்சலான நடவடிக்கை என்று இதைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நமது கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம்: இந்த உத்தரவு சட்டத்துக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

இந்தூர் கண்ட்வா சாலையில், கோவில் முன்பாகப் பிச்சை கேட்ட ஒருவருக்கு ஒரு வாகன ஓட்டி 10 ரூபாய் கொடுத்தார். அதற்காக முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. கொடுத்தவர் யாரென்று தெரியாததால் ‘அடையாளம் தெரியாத நபர்’ மீது வழக்கு. சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடியவனையும், ஆளை மோதிவிட்டு நிற்காமல் போன லாரிக்காரனையும் தேடுகிற காவல்துறை, இனி 10 ரூபாய் கொடுத்தவரையும் தேட வேண்டும். அதிகாரியின் உத்தரவை மீறுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவு அவர் மீது பாய்ந்திருக்கிறது. அதில் 6 மாதம் வரை சிறை உண்டு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று சேர்த்துக்கொண்டால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மீறலால் யாருக்காவது இடையூறோ தீங்கோ நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஒரு பத்து ரூபாய் நோட்டு கை மாறியதில் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது? இந்தக் கேள்விக்கு உத்தரவில் கையெழுத்திட்டவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைவிடக் கொடுமை, பிச்சை எடுப்பவரைக் காட்டிக் கொடுக்கிறவருக்கு 1,000 ரூபாய் வெகுமதி என்ற இந்தூர் நிர்வாகத்தின் அறிவிப்பு. பசித்தவருக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் வழக்கு. பசித்தவரைப் பற்றித் துப்புக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் பரிசு. ஒரு நகரத்து மக்களுக்கு அவர்களுடைய நிர்வாகம் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுவா? இந்த நாட்டில் கொடுக்கும் பழக்கத்தை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்றதில்லை. கோவில் வாசலில் பாட்டி பேரக் குழந்தையின் கையில் ஒரு நாணயத்தைத் திணித்து, “நீயே போய்ப் போட்டுட்டு வா” என்று அனுப்புவாள். குழந்தை தயங்கித் தயங்கிப் போய்த் தட்டில் போட்டுவிட்டு ஓடி வரும். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருகிறவரின் கை சட்டைப் பையைத் தேடுவதும், மாதா கோவில் படிகளில் சில்லறை விழுவதும் இதே பழக்கம்தான். எத்தனையோ தலைமுறைகளாகத் தானாக நடந்துவரும் இந்தக் காரியத்தைக் குற்றம் என்று ஒரே நாளில் அறிவிக்க ஒரு மாவட்ட அதிகாரிக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்கிறார்கள்: பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. பழைய 144-தான் இது. கலவரம் மூளும், உயிர்ச்சேதம் நேரும் என்று அஞ்சும்போது அவசரத்துக்குக் கையில் எடுக்க வேண்டிய ஆயுதம். மாநில அரசு நீட்டித்தால் தவிர, அதன் கீழான உத்தரவுக்கு இரண்டு மாதம்தான் ஆயுள். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோகிற பிரச்சினையா பிச்சை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிச்சை எடுப்போரும் கதியற்றுத் திரிவோருமாக நாட்டில் 4,13,670 பேரைக் கணக்கில் காட்டியது. தலைமுறைக் கணக்கில் சேர்ந்த வறுமைக்கு ஊரடங்குச் சட்டத்தால் மருந்து போட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் பிச்சை ஒழிப்புக்கென்றே 1973-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. அரை நூற்றாண்டாக அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? அதற்குக் கணக்குக் காட்டாமல், பாதசாரியின் சட்டைப் பையில் கை வைக்கிறார்கள்.

பிச்சைக்குப் பின்னால் கும்பல்கள் இருக்கின்றன, குழந்தைகளை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். இந்தூரில் 2024-இல் பிடிபட்ட ஒரு பெண், தன் பிள்ளைகளைப் பிச்சை எடுக்க வைத்து 45 நாளில் இரண்டரை லட்சம் ரூபாய் சேர்த்ததாகச் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம்; அவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்துகிறவனுக்கு நியாய சன்ஹிதாவின் 139-ஆவது பிரிவில் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். உறுப்பைச் சிதைத்தால் குறைந்தது 20 ஆண்டு. பிச்சை எடுக்கக் குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை. இத்தனை கடுமையான பிரிவுகள் கையில் இருக்கும்போது கும்பல் தலைவனைத் தேடிப் போகாமல் கண்ட்வா சாலை வாகன ஓட்டியின் மீது வழக்குப் போடுவது ஏன்? கும்பலைப் பிடிப்பது கடினம், இவர் மீது வழக்குப் போடுவது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

இந்தூர் நிர்வாகம் ஏழைகளை எப்படி நடத்தும் என்பதை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2021 ஜனவரியில், கடும் குளிரில், இந்தூர் வீதிகளில் கிடந்த முதியவர்களை மாநகராட்சி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், நகரத்துக்கு வெளியே க்‌ஷிப்ரா அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டார்கள். எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவர்கள். அவர்களுடைய கந்தல் மூட்டைகளும் சாலையோரத்தில் கிடந்தன. அந்த ஊர்க்காரர்கள் கைப்பேசியில் படம் பிடித்துச் சண்டை போட்ட பிறகே, அதே லாரியில் திரும்ப ஏற்றினார்கள். ஓர் அதிகாரி இடைநீக்கம், தற்காலிக ஊழியர் சிலர் வேலைநீக்கம் என்று விவகாரத்தை முடித்தார்கள். நாட்டிலேயே தூய்மையான நகரம் என்ற பட்டத்தை 2023 வரை தொடர்ந்து 7 முறை வாங்கிய ஊர் அது. தூய்மைப் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் வேகத்தில், மனிதர்களையும் அள்ளி வெளியே கொட்ட வேண்டியவையாகக் கருதும் மனப்பான்மை வளர்ந்துவிட்டது. அன்று லாரியில் ஏற்றிய அதே மனப்பான்மைதான் இன்று உத்தரவாக வந்திருக்கிறது.

அதே நகரத்தில் 2023 மார்ச் 30, ராமநவமி நாளில், பேலேஷ்வர் மகாதேவர் கோவிலில் படிக்கிணற்றின் மேல் போட்டிருந்த தளம் இடிந்து 36 பேர் செத்தார்கள். அந்தக் கோவில் வளாகத்தின் சட்டவிரோதக் கட்டுமானத்தை அகற்றச் சொல்லி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். கொடுத்ததோடு சரி, மத உணர்வு புண்படும் என்று எதிர்ப்பு வந்ததும் கை கட்டி நின்றுவிட்டார்கள். வலுவானவர்கள் எதிர்த்தால் நோட்டீஸோடு நிற்கும் நிர்வாகம், எதிர்க்கத் தெம்பில்லாதவர்கள் என்றால் காவல்துறையை அனுப்புகிறது.

போபாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1984 டிசம்பரில் விஷவாயுவால் பிணக்காடான நகரம். யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை அங்கிருந்து அகற்ற 40 ஆண்டுகள் ஆயின. அதுவும் உயர்நீதிமன்றம் கண்டித்த பிறகே 2025 ஜனவரியில் லாரிகள் கிளம்பின. போய்ச் சேர்ந்த இடம், இந்தூருக்கு அருகில் உள்ள பீதம்பூர். அந்த ஊர் மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். நச்சை அகற்ற 40 ஆண்டு எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஏழைகளைச் சிக்னலிலிருந்து அகற்ற ஒரே ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது. அதற்கு ஏன் இத்தனை அவசரம்? 2025 பிப்ரவரி 24, 25 தேதிகளில் போபாலில் உலக முதலீட்டாளர் மாநாடு நடக்கவிருந்தது. 2017-இல் வெளிநாட்டு விருந்தினர் கலந்துகொண்ட மாநாட்டுக்காக ஹைதராபாத்தில் பிச்சைக்காரர்களைப் பிடித்துச் சிறை வளாகத்து விடுதிகளில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்த வழியில்தான் போபாலும் போனது. விருந்தாளி வரும் நாளில் வீட்டுக் கிழவரைக் கொல்லையில் உட்கார வைக்கும் குடும்பத்தை ஊர் மதிக்காது. முதலீடு செய்ய வருகிறவரும் மதிக்க மாட்டார்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பேசாமல் இருக்கவில்லை. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம், தலைநகரில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளைச் செல்லாது என்றது. அரசு தன் கடமையைச் செய்யாததால் கையேந்துகிறவரை அதே அரசு குற்றவாளியாக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றமும் அதே வழியில் நின்றது. போக்குவரத்துச் சிக்னல்களில் பிச்சை எடுப்பதைத் தடுக்கக் கோரிய மனுவை 2021 ஜூலையில் விசாரித்த உச்சநீதிமன்றம், மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க மாட்டோம் என்று மறுத்தது. உத்தரவு எழுதியவர்களின் மேசைக்கு இந்தத் தீர்ப்புகள் வரவில்லையா, வந்தும் படிக்கவில்லையா?

தமிழ்நாட்டிலும் 1945-ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. ஆகவே இந்தூரைப் பின்பற்றும் எண்ணம் இங்கே யாருக்கும் வரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பிச்சை ஒழிய வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. முதியவருக்கு ஓய்வூதியம், நோயாளிக்குச் சிகிச்சை, வேலை செய்யக்கூடியவருக்கு வேலை, தங்க மானமுள்ள ஓர் இடம் என்று அரசு பொறுப்பேற்றால் கோவில் வாசல்கள் தாமாகவே காலியாகும். பெயர் சொல்ல ஒரு மறுவாழ்வு மையத்தைக் காட்டிவிட்டு, தெருவில் ஆள் பிடிப்பது மறுவாழ்வு ஆகாது. அந்தப் பொறுப்பை ஏற்கிற நாள் வரை, அரசு கொடுக்கத் தவறியதைத் தன் கைக்காசிலிருந்து கொடுக்கிற சாதாரண மனிதரைத் தொட இவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இரண்டு உத்தரவுகளும் ரத்தாக வேண்டும். கொடுத்ததற்காகப் போட்ட வழக்குகள் அத்தனையும் வாபஸ் பெறப்பட வேண்டும். மாநில அரசு இதைத் தானாகச் செய்வது நல்லது. செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்ய வைக்க வேண்டும்.