கத்தியின் மேல் போட்ட பழி

“கேன்சர் கட்டியில கத்தி படக்கூடாது, பட்டா உடம்பெல்லாம் பரவிடும்.” மலைமேல் இருக்கும் வெள்ளக்கடையில் காதில் விழும் இந்தப் பேச்சு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போனாலும் மாறுவதில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆபரேஷன் முடிந்த சொந்தக்காரர் ஒருவர் இரண்டு வருஷத்தில் செத்துப்போனதைப் பார்த்தவர்கள். ஆனாலும் இந்தப் பேச்சு ஆளைக் கொல்கிறது. அறுத்தெடுத்தால் பிழைத்திருக்க வேண்டியவர் வேர், சூரணம் என்று மாதக்கணக்கில் அலைந்து, கட்டி நெஞ்செல்லாம் படர்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அப்போது அறுவைக்கே வழியில்லை.

நுரையீரலையே எடுத்துக்கொள்வோம். ஆரம்ப நிலையில் கட்டியை எடுத்த பின்பும் சிலருக்கு நோய் திரும்புகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. யாருக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். கத்திதான் காரணம் என்றால், கத்தி பட்ட எல்லோருக்கும் ஒரே அளவில் திரும்ப வேண்டும். பல நாட்டு நோயாளிகளைச் சேர்த்து எடுத்த கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்த கட்டியை எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். முதல் நிலையிலேயே சற்று முற்றிய கட்டிகளில், அதாவது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியவற்றில் அல்லது நுரையீரல் உறையைத் துளைத்தவற்றில், அது 73. கத்தி ஒன்றுதான், கட்டிதான் வேறு.

இன்னும் வலுவான சாட்சி இருக்கிறது. 1995இல் வட அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் சிலருக்கு நுரையீரல் மடலை முழுதாக எடுத்தார்கள். சிலருக்குக் கட்டியும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும். குறைவாக அறுத்தவர்களுக்குத்தான் அதே இடத்தில் நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் திரும்பியது. 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்விலும், இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்த கட்டிகளில், குறைவாக எடுத்தவர்களில் 10.5 சதவீதத்தினருக்கும் மடலையே எடுத்தவர்களில் 5.4 சதவீதத்தினருக்கும் மார்புக்குள் நோய் திரும்பியது. உயிர்பிழைப்பில் குறைவாக எடுத்தவர்கள் பின்தங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கத்திதான் பரப்புகிறது என்றால், இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அறுக்கும்போது கட்டியைத் தொட்டால் ஒரு சில செல்கள் ரத்தத்தில் கலக்கக்கூடும். அது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியும். அதற்கேற்பவே கவனமாகக் கையாளுகிறார்கள். மேலே சொன்ன கணக்கை அது மாற்றவில்லை.

திரும்பி வரும் நோய் பெரும்பாலும் கத்திக்கு முன்னரே கிளம்பிப் போனது. அதற்கான தடயம் எடுத்த மடலிலேயே இருக்கிறது. கட்டி ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, நிணநீர்க் கணுவில் செல் இருக்கிறதா, சுற்றியுள்ள காற்றறைகளில் தனிச்செல்கள் சிதறிக் கிடக்கின்றனவா, நுண்ணிய மொட்டுகள் போன்ற அமைப்பு தெரிகிறதா? பதாலஜி மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் இவற்றைத்தான் தேடுகிறார். யாருக்குத் திரும்பும் ஆபத்து அதிகம் என்று கணிப்பது இவற்றை வைத்துத்தான். நிச்சயமாக இன்னாருக்கு வரும் என்று சொல்ல முடியாது. யாரை நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அந்தக் கணிப்பால் பயன் உண்டு: ஆபத்து உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் மருந்து கொடுக்கலாம். இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ள கட்டிகள் புகையே பிடிக்காத பெண்களிடம் அதிகம். அந்த மாற்றம் இருந்து, ஆரம்ப நிலையிலோ சற்று முற்றிய நிலையிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்த ஆய்வில், ஐந்தாண்டில் 88 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 78. விலை பெரிதுதான், அதற்காக அரசோடு சண்டை போட வேண்டும். ஆனால் அறுக்கவே விடாதவருக்கு அந்தச் சண்டைக்கும் இடமில்லை.

1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்த முத்துலட்சுமி ரெட்டியும், அங்கேயே வாழ்நாளைக் கழித்த டாக்டர் சாந்தாவும் எதிர்த்து நின்றதில் இந்தக் கத்திப் பயமும் ஒன்று. மலையில் யாருக்காவது சளியில் ரத்தம் வந்தால், இருமல் வாரக்கணக்கில் நிற்காவிட்டால், “கத்தி வேணாம்யா” என்று சொல்லாதீர்கள். கூடவே சேலத்துக்கு இறங்குங்கள். அறுவை முடிந்தவரிடம் பதாலஜி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேன் தேதியைக் கேளுங்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.