பின்பக்கத்துப் பாட்டு

அமெரிக்கப் பாடகி குளோரியா கேனர், 1978-ம் ஆண்டு மேடையில் தவறி விழுந்தார். முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

முதுகைத் தாங்கும் பட்டையோடு நின்றுதான் "ஐ வில் சர்வைவ்" பாட்டைப் பாடினார். "நான் பிழைத்து நிற்பேன்" என்று பொருள். "லவ் டிராக்ஸ்" என்ற இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. உருக்கமான "சோல்" இசையும், ஆட வைக்கும் "டிஸ்கோ" தாளமும் கலந்த தட்டு.

கைவிட்டுப் போன காதலன் திரும்பி வருகிறான். அவள் ஏற்க மறுக்கிறாள். இதுதான் பாட்டின் கதை. புலம்பல் இல்லை, கெஞ்சல் இல்லை. எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருந்தவர் பாடியது அல்லவா? குரலில் அத்தனை உறுதி!

கம்பெனிக்கு அதன் அருமை தெரியவில்லை. சிறிய தட்டாக வெளியிட்டபோது, முன்பக்கத்தில் வேறு பாட்டை வைத்தது. இதைப் பின்பக்கம் தள்ளியது. (பணம் போடுகிறவர்களுக்குக் காதும் இருக்க வேண்டும் என்று சட்டமா, என்ன?)

நடன விடுதிகளில் தட்டுப் போடுகிறவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். கூட்டம் ஆடித் தீர்த்தது! வானொலிகளும் பின்பக்கத்துக்கு மாறின. 1979 மார்ச் மாதம், அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் அதற்கே முதல் இடம்.

1980-ல் சிறந்த டிஸ்கோ பாட்டுக்கான "கிராமி" பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசு அந்த ஓர் ஆண்டுதான் கொடுக்கப்பட்டது. டிஸ்கோ மோகம் அதற்குள் அடங்கிவிட்டது.

பாட்டு அடங்கவில்லை. காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக, 2016-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்துக்கொண்டது.